பத்துப் புள்ளி மனிதர்கள்

ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. 23 புள்ளிகள் கொண்ட கட்டத்தில் 3 புலிகள், 15 ஆடுகள். பக்கத்துப் புள்ளியில் நிற்கும் ஆட்டைத் தாண்டி அடுத்த காலிப் புள்ளிக்குப் புலி குதித்தால் ஆடு போயிற்று. ஆடோ ஒரு புள்ளியில் இறங்கலாம். எல்லா ஆடும் இறங்கிய பிறகு ஒவ்வொரு புள்ளியாக நகரலாம். அவ்வளவுதான். தனிக் காயாகப் பார்த்தால் அதன் போர்ப்பலம் சுழி. ஆனாலும் கோயில் மண்டபத் தரையிலும் வீட்டுத் திண்ணையிலும் இந்தக் கட்டத்தைக் கீறி ஆடிப் பழகியவர் எவரும் ஆட்டை இலேசான காய் என்று சொல்லமாட்டார். தேர்ந்த கை ஆட்டை எடுத்தால் புலிக்காரர் பாடு திண்டாட்டம்.

இந்த ஆட்டத்துக்கு நேபாளத்தில் ஓர் உறவு உண்டு. பாக்-சால் என்று பெயர். ஐந்துக்கு ஐந்து கட்டம், 4 புலி, 20 ஆடு. புலி 5 ஆடுகளை வெட்டினால் வெற்றி; ஆடுகள் எல்லாப் புலிகளையும் நகரவிடாமல் அடைத்தால் வெற்றி. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் இதை முற்றாகக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஆடுகள் இறங்கி முடிந்த பிறகு வரக்கூடிய நிலைகள் மட்டுமே 8,82,60,972. ஆடு இறக்கும் கட்டத்தில் விரியும் கிளைகளோ ஒன்றுக்குப் பின் 41 சுழிகள் போட்டு எழுத வேண்டிய அளவு. இத்தனையும் துழாவிய பின் கிடைத்த முடிவு: இரு தரப்பும் தவறே செய்யாமல் ஆடினால் ஆட்டம் சமன். வெட்டத் தெரியாத 20 காய்களும் வெட்டுவதையே தொழிலாகக் கொண்ட 4 காய்களும் எடைக்கு எடை சரி. ஓர் ஆட்டின் பலத்தைக் கணக்கிட்டு 20ஆல் பெருக்கினால் இந்த விடை வராது. சுழியை எதனால் பெருக்கினாலும் சுழிதான்.

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகள் 50 ஆண்டுகளாக முட்டி மோதிக்கொண்டிருப்பது இதே கணக்கில்தான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒவ்வொருவரும் ஒரு வீரராகவோ மந்திரவாதியாகவோ திருடராகவோ பேசி நடிப்பார்கள். ஆட்டத்தை நடத்துபவர் ஒருவர் உலகத்தையும் அதிலுள்ள மற்ற எல்லாரையும் தன் வாயால் உருவாக்குவார். ஐயமான இடங்களில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். படைகளை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து கிளைத்தது என்பதால் அதன் எண்களெல்லாம் சண்டைக்கு வாகாக வந்தவை.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, எதிரில் வரும் உயிர் எவ்வளவு கடினம் என்று சொல்ல 'சேலஞ்ச் ரேட்டிங்' என்ற ஒற்றை எண்ணைக் கொண்டுவந்தது. கடின எண் என்று சொல்லிக்கொள்வோம். கடின எண் 3 என்றால், அனுபவத்தால் மூன்றாம் படிக்கு ஏறிய நால்வர் உயிர்ச்சேதம் இல்லாமல் அதை வெல்லலாம் என்று பொருள். எவ்வளவு அடிக்கும், எவ்வளவு அடி தாங்கும் என்பதே கணக்கு. 2014இன் ஐந்தாம் பதிப்பில் சாதாரணக் குடியானவருக்குக் கடின எண் 0. அவரை வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி 10. சண்டையே போடத் தெரியாத தவளைக்கு 0 புள்ளி. ஆக, ஊரில் உழுபவர், வலை பின்னுபவர், கணக்கெழுதுபவர், மருத்துவச்சி எல்லாரும் தவளையைவிடப் பத்துப் புள்ளி மேல்.

எண்களைச் சற்றுக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். குடியானவருக்கு உயிர்ப்புள்ளி (தாங்கக்கூடிய சேதம்) 4, காப்பு (அடி விழ எட்ட வேண்டிய எண்) 10. முதல் படி வீரர் ஒருவர் நீள்வாளால் வெட்டினால், பகடையில் விழுவதுடன் 5 கூட்டிக்கொள்வார். 5 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், வெட்டு விழும். 80 விழுக்காடு வாய்ப்பு. விழுந்தால் குறைந்தபட்சச் சேதமே 4. அதாவது பட்ட வெட்டு எதுவானாலும் ஆள் காலி. இப்போது அதே குடியானவரிடம் ஓர் உதவி கேட்கிறார்கள் என்று வையுங்கள். நடுத்தரக் கடினம் என்று ஆட்டநடத்துநர் 15 நிர்ணயிக்கிறார். நன்றாகப் பேசத் தெரிந்தவரும் அதே 5 கூட்டிக்கொண்டு, பகடையில் 10 அல்லது அதற்கு மேல் போட்டாக வேண்டும். வாய்ப்பு 55 விழுக்காடு. கொல்வதைவிடக் கேட்பது கடினம் என்று விதிப்புத்தகத்தின் எண்களே சொல்கின்றன. அதை அந்த ஆளின் பெயருக்கு நேரே எழுத மட்டும் அதற்கு மனம் வரவில்லை.

கும்பல் என்று வந்தால் 2014 பதிப்பு கொஞ்சம் விழித்துக்கொள்கிறது. ஒருவரைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கலாம். இரும்புச் சங்கிலிக் கவசமும் கேடயமும் கொண்ட முதல் படி வீரரைக் குடியானவர் அடிக்கும் வாய்ப்பு 25 விழுக்காடுதான். அடித்தால் சராசரி இரண்டரைப் புள்ளி. எட்டுப் பேர் என்றால் சுற்றுக்கு 5 புள்ளி. 12 உயிர்ப்புள்ளி கொண்ட வீரர் சுமார் மூன்றாவது சுற்றில் விழுவார். அதற்குள் அவரால் இரண்டு மூன்று பேரைத்தான் வீழ்த்த முடியும். கூட்டத்தின் எண்ணிக்கைக்கேற்ப கடினத்தைப் பெருக்கும் அட்டவணை ஒன்று அந்தப் பதிப்பில் இருந்தது. 2024 திருத்தத்தில் அது நீங்கிவிட்டது. இருந்த காலத்திலும் அது கம்பெடுத்த கூட்டத்தை மட்டுமே எண்ணியது. கதவைச் சாத்திக்கொண்ட கூட்டம் அதன் கணக்கில் வரவில்லை.

மூன்றாம் பதிப்பின் தவறு இதைவிடச் சுவையானது. அங்கே திறமையும் உடல்பலமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. ஒரு தொழிலில் கற்றுக்கொள்ளக்கூடிய உச்சம், படியுடன் 3 கூட்டினால் வரும் எண். ஆகவே 13 அளவு தேர்ச்சியுள்ள பொற்கொல்லர் வேண்டுமென்றால் அவரைப் பத்தாம் படியில் வைத்தாக வேண்டும். பத்தாம் படிக்குச் சராசரி 35 உயிர்ப்புள்ளி தானாக வந்துவிடும். கடின எண் 9. நகைப் பட்டறையில் மூக்குக்கண்ணாடியுடன் குனிந்திருக்கும் கிழவர், படையில் புதிதாகச் சேர்ந்த இளைஞனைப்போல மூன்று மடங்கு அடி தாங்குவார்! மறுகோடியில், முதல் படிக் குடியானவரை வீட்டுப் பூனை பிறாண்டியே கொன்றுவிடும் என்பது ஆட்டக்காரர்களிடையே நீண்ட நாள் கேலி. கேலி என்றாலும் கணக்குச் சரி: குடியானவரின் உயிர்ப்புள்ளி நான்கு முகப் பகடையில் விழுவது, பூனையின் ஒவ்வொரு நகமும் குறைந்தது ஒரு புள்ளி எடுக்கும். புத்தகமோ பூனைக்கு 1/4 என்றும் குடியானவருக்கு 1/2 என்றும் எழுதியிருந்தது.

இந்த எண் எச்சரிக்கையாக மட்டும் இருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அதுவே கூலியாகவும் இருக்கிறது. 1974இன் முதல் ஆட்டத்தில் அனுபவப் புள்ளியில் பெரும்பங்கு கொண்டுவந்த பொன்னுக்குக் கிடைத்தது. அரக்கனைக் கொல்வதைவிட ஏமாற்றிவிட்டுப் புதையலுடன் ஓடுவது இலாபம். பிற்காலப் பதிப்புகளில் பொன்னுக்கான புள்ளி ஒதுங்கி, வீழ்த்துவதற்கான புள்ளி முன்னுக்கு வந்தது. எதற்குக் கூலியோ அதைத்தான் ஆட்டக்காரர்கள் செய்வார்கள். ஒரு மணி நேரம் பேசி ஊர்ப்பெரியவரின் மனத்தை மாற்றிய குழுவுக்குப் புத்தகப்படி என்ன கொடுப்பது? ஐந்தாம் பதிப்பின் பதில்: அதே அளவு கடினமான சண்டைக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள். பேச்சின் எடை தெரியாமல்தானே கேட்டோம். எடைக்கல்லைச் சண்டையிலிருந்தே கடன் வாங்கச் சொல்கிறது.

சண்டையில்லாக் கடினத்துக்குத் தனி அளவுகோல் செய்யும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2008இல் வந்த நான்காம் பதிப்பு, பேச்சையும் தேடலையும் பல பகடை வீச்சுகள் கொண்ட ஒரே சோதனையாக்கியது. எளிய சோதனையில் இரண்டு தோல்விக்கு முன் நான்கு வெற்றி வேண்டும். ஒரு வீச்சில் வெல்லும் வாய்ப்பு 55 விழுக்காடு என்றால், மொத்தத்தில் வெல்லும் வாய்ப்பு 26 விழுக்காட்டைத் தாண்டாது. வெளியான கொஞ்ச நாளிலேயே தோல்வி வரம்பை மூன்றாகத் திருத்தினார்கள். வாய்ப்பு 44 ஆயிற்று. ஓர் எண்ணை மாற்றியதும் கடினம் இவ்வளவு ஆடுகிறது என்றால், முதல் எண்ணை யாரும் உரசிப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். சண்டை எண்களுக்கு இந்த அலட்சியம் நேர்ந்திருக்காது.

'பாத்ஃபைண்டர்' என்ற இதே வகை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்புக்கு 2020இல் வந்த நடத்துநர் கையேடு இன்னும் நேராகக் கைவைத்தது. ஒருவருக்கே இரண்டு படிகள்: சண்டையில் ஒன்று, தன் துறையில் வேறொன்று. அதிலுள்ள வழக்கறிஞர் சண்டையில் −1ஆம் படி, வழக்குமன்றத்தில் 4ஆம் படி. இந்த வகையில் நான் கண்ட மிக நேர்மையான ஏற்பாடு இதுதான். ஒரு குறை உண்டு. எண் இன்னமும் ஆளின் நெற்றியிலேயே ஒட்டியிருக்கிறது. மன்றத்தில் 4 என்றால் எந்த வழக்கிலும் யாருக்கு எதிரிலும் 4தானா?

இடத்தை மாற்றினால் பலம் மாறும் என்பதைக் காட்டப் பிரபலமான சான்று ஒன்று இருக்கிறது. 'டிராகன்' என்ற விளையாட்டு இதழின் 127ஆம் எண்ணில், 1987 நவம்பரில், ஆசிரியர் ரோஜர் மூர் டக்கர் என்ற ஆட்டநடத்துநரின் கோபோல்டுகளைப் பற்றி எழுதினார். கோபோல்டு என்பது ஆட்டத்திலேயே அற்பமான எதிரிகளில் ஒன்று, ஓரடியில் சாகும். டக்கரின் சுரங்கத்தில் அவை குறுகிய வழிகளிலும் ஓட்டைகளுக்குப் பின்னாலும் இருந்து தீ வைத்தும் கதவடைத்தும் தேர்ந்த வீரர்களை ஓட ஓட விரட்டின. ஆனால் அதுவும் சண்டைதான். சண்டையே போடாதவர்களின் பலத்தைப் பார்க்கக் கடற்கரைக்கு வர வேண்டும்.

காரைக்கால் கடற்கரையில், தரங்கம்பாடிக்குத் தெற்கே இருக்கும் மண்டபத்தூரை ஆட்டக்களமாக வைத்துக்கொள்வோம். நால்வர் குழு கரைக்கு வருகிறது. இன்றிரவே கடலில் ஓரிடத்துக்குப் போயாக வேண்டும், படகு வேண்டும். எதிரில் இருப்பவர் ஃபைபர் படகு ஒன்றின் சொந்தக்காரர், வலை ஒட்டிக்கொண்டிருக்கிறார். புத்தகப்படி கடின எண் 0. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஊர்ல கேட்டுக்கிட்டு வாங்க தம்பி" என்கிறார்.

அந்த 'ஊர்' யார் என்பது சோழமண்டலக் கரையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மீனவ ஊர்ப் பஞ்சாயத்து. எந்த வலையை இந்தக் கரையில் இறக்கலாம், எந்த வலை கூடாது, ஊரில் சாவு விழுந்தால் தொழிலுக்குப் போகலாமா, தகராறு செய்தவருக்கு என்ன தண்டம் என்பதையெல்லாம் அது முடிவு செய்து வந்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மார்டன் பாவிங்க் இந்தக் கரையின் பஞ்சாயத்துகளை ஆராய்ந்து 2001இல் ஒரு நூலே வெளியிட்டார். அரசின் மீன்வளச் சட்டம் ஒரு பக்கம், ஊரின் கட்டுப்பாடு ஒரு பக்கம். கரையில் அன்றாடம் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை, காரைக்கால் கரைக்கு நிவாரணத்துடன் வந்தவர்கள் முதலில் பேச வேண்டியிருந்தது இந்தப் பஞ்சாயத்துகளிடம்தான். பல ஊர்களில் வரி கட்டும் தலைக்கட்டுக் கணக்கே நிவாரணப் பட்டியலாயிற்று. ஆண்களை வைத்து எழுதிய கணக்கு என்பதால் கணவனை இழந்த பெண்கள் அதில் விடுபட்டதையும் அப்போதைய ஆய்வுகள் பதிவு செய்தன. இந்த அதிகாரத்தை நான் மெச்சிச் சொல்லவில்லை. ஆயுதம் இல்லாமல் இவ்வளவு நடக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

படகுக்காரரின் 'முடியாது' அவருடைய சொந்தச் சொல் இல்லை. ஊரை மீறிப் படகு கொடுத்தால் நாளை அவர் மீனை ஏலத்தில் எடுக்க ஆள் இருக்காது. அவர் படகில் ஏறி வலை இழுக்க ஆள் வராது. வீட்டு விசேஷத்துக்கு யாரும் வாசல் மிதிக்கமாட்டார்கள். குழுவிலுள்ள வீரர் வாளை உருவினால்? 80 விழுக்காடு வாய்ப்பில் படகுக்காரர் சாவார். படகு இருக்கும். கரையில் உடையும் அலையைத் தாண்டி அதை ஓட்டிப்போகக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. இனி அந்த ஊரில் ஒருவரும் ஓட்டமாட்டார்கள். அடுத்த ஊருக்கும் விடிவதற்குள் சேதி போய்விடும். பத்துப் புள்ளி சம்பாதித்துவிட்டுக் கதையையே இழந்தாயிற்று.

இந்த மனிதருக்கு என்ன எண் போடுவது? என் தீர்ப்பு: மனிதருக்குப் போடக்கூடாது, வேண்டுகோளுக்குப் போட வேண்டும். அதே படகுக்காரரிடம் குழம்புக்கு நாலு மீன் கேட்டால் 5. இரவில் படகு கேட்டால் 20. அதைவிட முக்கியம், அந்த 'முடியாது'வை 'சரி'யாக்க எத்தனை பேரிடம் போக வேண்டும் என்பது. 20 என்ற கடினத்தை ஒரே வீச்சில் தாண்டும் வாய்ப்பு நம் பேச்சுக்காரருக்கு 30 விழுக்காடு. படகுக்காரர், ஏலம் போடுபவர், பஞ்சாயத்தார் என்று மூவரையும் தலா 15இல் சம்மதிக்க வைக்க வேண்டும் என்றால், ஒவ்வொருவரும் தனியாக எளியவர்; மொத்த வாய்ப்போ 17 விழுக்காட்டுக்கும் கீழே. கூடைமீன் விற்கும் ஒரு பெண்மணிக்கு நேற்று இந்தக் குழு ஏதோ ஒத்தாசை செய்திருந்து, அவர் மூவரிடமும் இவர்களுக்காக ஒரு வார்த்தை சொன்னால், ஒவ்வொரு வீச்சிலும் இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுக்கலாம் என்பது விதி. வாய்ப்பு 51க்கு ஏறுகிறது. கடின எண் 0 உள்ள அந்தப் பெண்மணி, எந்த மந்திரக் கோலும் தராத மூன்று மடங்கைத் தந்துவிட்டார்.

ஆக, நடத்துநர் சண்டையில்லாப் பாத்திரத்தைப் பற்றி எழுத வேண்டியவை: இன்னின்ன கேட்டால் இவ்வளவு கடினம், இவர் சொல் யார் சொல்லில் தொங்குகிறது, இவருக்கு ஏதாவது நேர்ந்தால் மறுநாள் எந்த வாசல் அடைபடும். தேநீர்க்கடைக்காரர் மறுத்தால் சேதி கேட்க வேறு பத்து வாய் உண்டு. படகுக்காரர் மறுத்தால் ஒரு வழியும் இல்லை. நல்ல நடத்துநர் இதையெல்லாம் மேசையில் தானாகவே பார்த்துக்கொள்வார், எண் எதற்கு என்று அனுபவசாலிகள் கேட்பதுண்டு. அவர்களுக்கு வாளின் சேத எண்ணும்கூடத் தேவையில்லை. அதை மட்டும் ஏன் அச்சிடுகிறோம்? புதிதாக நடத்த உட்காருபவர் புத்தகத்தை நம்பித்தான் உட்காருகிறார். புத்தகத்தில் கைகலப்புக்கு மட்டும் எண் இருந்தால் அவர் மேசையில் கைகலப்பே நடக்கும்.

மறுபக்க ஆபத்தும் இருக்கிறது. மனத்துக்கு ஓர் உயிர்ப்புள்ளி வைத்து, வசனம் பேசிப் பேசி அதைக் குறைத்துச் சுழியாக்கும் முறையைச் சில ஆட்டங்களில் பார்க்கலாம். அது சண்டைக்கு வேட்டி கட்டிவிட்ட கதை. மனிதர்கள் அப்படித் தேய்ந்து இணங்குவதில்லை. காரணம் கிடைத்தால் ஒரு நொடியில் இணங்குவார்கள். கிடைக்காவிட்டால் ஆயுளுக்கும் மாட்டார்கள்.

காரைக்கால் என்றதும் இந்த அளவுகோலில் அடங்காத ஒரு பாத்திரம் நினைவுக்கு வராமல் போகாது. பெரியபுராணத்தின் புனிதவதி வணிகர் வீட்டுப் பெண். கையில் ஆயுதமில்லை, யாரையும் மிரட்டியதுமில்லை. ஒரு மாங்கனி விஷயத்தில் கணவன் பரமதத்தன் மிரண்டு, கடல் வாணிபம் என்ற பெயரில் ஊரைவிட்டே போகிறான். பாண்டிநாட்டில் மறுமணம் செய்துகொள்கிறான். உறவினர் இவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தும்போது புது மனைவி, குழந்தையோடு காலில் விழுகிறான். இதைப் பாடிய சேக்கிழாருக்குக் கடின எண் தேவைப்படவில்லை. நாயன்மார் 63 பேரில் பெண்கள் மூவர்தான். அவர்களில் ஒருவராகிய இவர் பெயரில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கிறது.

தமிழில் பாத்திர ஆட்டங்கள் எழுத முனைபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊர்ப்பெரியவர், தரகர், மருத்துவச்சி, கிராம நிர்வாக அலுவலர், மீன்காரம்மா என்று நம் ஊர் மனிதர்களை அட்டையில் எழுதும்போது உயிர்ப்புள்ளியையும் காப்பையும் கடைசி வரிக்குத் தள்ளுங்கள். அவரிடம் என்ன கேட்டால் எவ்வளவு கடினம், யாரைக் கேட்டு அவர் முடிவெடுப்பார் என்பதை முதல் இரண்டு வரியில் எழுதுங்கள். அவரைப் பேசிச் சம்மதிக்க வைத்த குழுவுக்கு அந்தக் கடினத்துக்கேற்ற முழுப் புள்ளியையும் கொடுங்கள். கொன்ற குழுவுக்குப் பத்துப் புள்ளிகூட வேண்டாம்.